ஆறேகால் மணிப் பால்

நேற்று எவ்வளவு பால் வந்தது என்று அந்த அக்காவிடம் கேட்டால் முகத்தைச் சுளிப்பார். “நேத்துப் பால் நேத்தே தயிராப் போச்சு. நாளைப் பாலைக் கேளுங்க, சொல்றேன்” என்பார். இத்தனைக்கும் நேற்றைய பாலைச் சொல்வதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

கோச்சடைப் பக்கம் ஒரு பால் பண்ணையில் நான் வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். எழுபதுகளின் கடைசி. அக்கா அங்கே ரிப்போர்ட் கிளார்க். எந்த ஊரிலிருந்து எத்தனை கேன் வந்தது, அதில் எத்தனை திரிந்தது, எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே நுழைந்தது என்பதையெல்லாம் பெரிய தாளில் கட்டம் போட்டு எழுதி, வாரம் ஒரு முறை மேனேஜர் மேசையில் வைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. அந்த ‘அவ்வளவுதான்’ அக்காவுக்குப் போதவில்லை.

ஆள் குட்டை. கறுப்புக் குடை, தடித்த கண்ணாடி. ஆரப்பாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி அவர் நடந்து வருகிற வேகத்துக்கு, எதிரே வருகிற சைக்கிள்காரர் தானாக ஒதுங்கிவிடுவார். மிஷன் பள்ளியில் படித்தவர். அவர் வீட்டுக்காரர் அதே பள்ளியில் வாத்தியார், அதிர்ந்து பேசாத மனிதர். ஒரு கிறிஸ்துமசுக்கு நாங்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது அவர் சொன்னார்: “எங்க வீட்ல இன்னைக்கு என்ன குழம்புன்னு கேட்டா பதில் கிடைக்காது. மீன்காரி வந்தா இது, வராட்டி அது, வந்தும் மீன் நல்லா இல்லாட்டி இன்னொண்ணு. மூணு குழம்பு காதுல விழும். இலையில ஒண்ணுதான் விழும்.”

அக்காவின் பேச்சில் ‘இருந்தா?’ என்ற சொல் விழாத நாள் கிடையாது. மழையா இருந்தா? கேன் கூடுதலா இருந்தா? டிரைவர் லீவா இருந்தா? முதுகுக்குப் பின்னால் நாங்கள் அவருக்கு ‘இருந்தா அக்கா’ என்றே பேர் வைத்திருந்தோம். அது அவர் காதுக்கும் போய்விட்டது. கோபப்படவில்லை. “அக்கா இல்லாம இருந்தான்னு ஒரு நாள் யோசிச்சுப் பாருங்கடா, தெரியும்” என்றார்.

அவருடைய அட்டையைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது.

தினசரி காலண்டரில் தாள் எல்லாம் கிழித்துத் தீர்ந்த பிறகு அட்டை மிஞ்சும் இல்லையா, அதை வீடு வீடாகக் கேட்டு வாங்கி வைத்திருப்பார். முன்பக்கம் முருகன் மயிலோடு நிற்பார். பின்பக்கம் வெள்ளை. அந்த வெள்ளையில் ஒரு வண்டி போகிற தடத்தின் ஊர்களை வரிசையாக எழுதி, ஒவ்வொரு ஊருக்கும் எதிரே பிளேடால் சின்னதாக ஜன்னல் வெட்டுவார். உள்ளே இழுத்து நகர்த்துகிற மாதிரி பட்டைகள். வண்டி புறப்படும் நேரத்துக்கு ஒரு பட்டை. கேன்களின் எண்ணிக்கைக்கு ஒன்று. வெயிலுக்கு ஒன்று. பட்டையை நகர்த்தினால் ஜன்னலில் வெள்ளை நிற்கும். பண்ணைக்கு வந்து சேர்வதற்குள் பால் தாங்காது என்றால் அந்த ஊர் ஜன்னலில் சிவப்பு எட்டிப் பார்க்கும். இதற்காக பாலைச் சோதிக்கிற எங்கள் டெஸ்ட் டியூப் ஆளிடம் உட்கார்ந்து, எந்த வெயிலுக்குப் பால் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று ஒரு கோடை முழுக்க எழுதி வாங்கினார். யாரும் அவரைச் செய்யச் சொல்லவில்லை.

“ரிப்போர்ட்டுங்கிறது போட்டோ மாதிரி தம்பி. போட்டோவுல இருக்கிற ஆளைத் திரும்புன்னா திரும்புவானா? எனக்குத் திரும்புற ஆளு வேணும்” என்று என்னிடம் ஒரு தடவை சொன்னார்.

பட்டைகளுக்கு அவர் பயன்படுத்தியது பழைய கல்யாணப் பத்திரிகை. வழவழவென்று இருக்கும், வளையாது, வழுக்கிக்கொண்டு ஓடும். பண்ணையில் யார் வீட்டில் கல்யாணம் முடிந்தாலும் மிச்சப் பத்திரிகை அக்கா மேசைக்கு வந்துவிடும். அதனால் வண்டி நேரத்தை மாற்ற ‘திருநிறைச்செல்வி’யை இழுக்க வேண்டும், வெயிலை ஏற்ற ‘திருநிறைச்செல்வ’னை இழுக்க வேண்டும். என்னோடு வண்டி ஓட்டிய ஒருவன் வாய் சும்மா இருக்காது. “அக்கா, பொண்ணை இழுக்கணுமா மாப்ளையை இழுக்கணுமா, சீக்கிரம் சொல்லுங்க, முகூர்த்தம் போகுது” என்பான். அக்காவும் விடமாட்டார்: “ரெண்டு பேரும் ஒத்துப் போனாத்தான்டா பால் திரியாது.”

எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. அவர் தன் கையால் யாருக்கும் பட்டையை இழுத்துக் காட்டமாட்டார். அட்டையை நம் மடியில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொள்வார். “நீங்க இழுங்க” என்பார். நான் ஒரு நாள் கேட்டேன், ஏன் அக்கா, நீங்கள் இழுத்தால் சட்டென்று முடியுமே என்று.

“என் வாயால சொன்னா அது என் கணக்கு. உன் கையால இழுத்தா அது உன் கணக்கு. அவனவன் கணக்கைத்தான் அவனவன் நம்புவான்.”

முதல் தடவை அவர் என் மடியில் அட்டையை வைத்தபோது நான் இழுத்துப் பார்த்துவிட்டு, “அக்கா, எல்லாம் சரி, ரயில்வே கேட்டு எங்கே?” என்றேன். ஊருக்குள் நுழையும் முன் அந்தக் கேட்டில் மாட்டினால் இருபது நிமிடம் போய்விடும். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். மறுநாள் அட்டையில் கேட்டுக்கென்று புதிதாய் ஒரு பட்டை இருந்தது. ‘இது டிரைவர் சொன்னது’ என்று அதன் ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதியிருந்தார். எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். நான் சொன்ன ஒன்று ஆபீஸ் கணக்கில் ஏறியது அன்றைக்குத்தான். அந்த அட்டையை என் வீட்டுக்காரியிடம் காட்ட வேண்டும் என்று ஒரு நாள் கடன் கேட்டு வாங்கிப் போனேன்.

பால் விஷயத்தில் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். என் தங்கச்சி மகனுக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். மச்சானோடு எனக்கு ஒரு வருஷமாகப் பேச்சு இல்லை. போவதில்லை என்று வீராப்பாய்ச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அக்கா ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்து ஒரு முனையில் ‘போனா’ என்றும் மறுமுனையில் ‘போகாட்டி’ என்றும் எழுதி என் கையில் கொடுத்தார்.

“போகாட்டி யாருக்குக் குறை?”

“மச்சானுக்குத்தான். நாலு பேரு கேப்பாங்கல்ல?”

“சரி. பிள்ளையை யார் மடியில உக்கார வச்சுக் குத்துவாங்க?”

தாய்மாமன் மடியில்தான் உட்கார வைப்பார்கள். என்னை விட்டால் அந்தப் பயலுக்கு வேறு மாமன் இல்லை. நான் துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். போனேன். என் மடியில் உட்கார்ந்து அந்தப் பயல் கத்திய கத்தல் இன்னும் காதில் இருக்கிறது. மச்சான்தான் எனக்கு முதல் இலை போட்டார். யோசித்துப் பார்த்தால் அக்கா என்னைப் ‘போ’ என்று சொல்லவே இல்லை.

இப்போது அந்தக் கடைசி ஊர் விவகாரத்துக்கு வருகிறேன்.

என் வண்டி போகிற தடத்தில் திருவாதவூரைத் தாண்டி, கண்மாய்க்கரை மேலேயே போனால் ஒரு சின்ன ஊர். முப்பது வீடு இருக்கும். அதுதான் கடைசி நிறுத்தம். அந்தச் சித்திரையில் அந்த ஊர்ப் பால் மட்டும் அடிக்கடி திரிந்தது. நாலு வாரம் அக்காவின் ரிப்போர்ட்டில் அந்த ஊருக்கு நேரே சிவப்பு மையில் எண்கள் விழுந்தன. மேனேஜர் கண்டிப்பானவர், ஆனால் கெட்டவர் இல்லை. “ஒண்ணாந் தேதியிலேருந்து அந்த ஊரை நிறுத்திருவோம். ரிப்போர்ட் பொய் சொல்லாது” என்றார்.

“பொய் சொல்லாது சார். ஆனா கேட்டதுக்கு மட்டும்தான் பதில் சொல்லும்” என்றார் அக்கா.

“அப்ப என்ன கேக்கணுங்கிறீங்க?”

“அது எனக்கே தெரியல சார். ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வாரேன்.”

சனிக்கிழமை காலை அட்டையைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு என் வண்டியில் ஏறிவிட்டார். ஒவ்வொரு ஊரிலும் கேன் ஏற்றி, மேலே ஈரச் சாக்கைப் போட்டு மூடிக்கொண்டே போனோம். கடைசி ஊரை அடையும்போது ஏழேகால். பண்ணை ஆள் பால் வாங்குகிற தகரக் கொட்டகைக்கு அடியில் கேன்கள் நின்றன. அக்கா இறங்கிப் போய்க் கேனைத் தொட்டுப் பார்த்தார். வெதுவெதுப்பு பட்டதும் கையை எடுத்துக்கொண்டார்.

வண்டி நிற்கப் போகிறது என்ற சேதி ஊருக்கு முன்பே எட்டிவிட்டது. பெண்கள் கூடிவிட்டார்கள். இரண்டு எருமை வைத்திருந்த ஒரு அம்மா, ஊரிலேயே வாய் நீளம் என்று பேர் வாங்கியவர், முன்னால் வந்தார்.

“டீச்சரு, எங்க பாலு என்ன பாவம் செஞ்சது?”

“நான் டீச்சர் இல்ல ஆத்தா. பண்ணையில ரிப்போர்ட் எழுதுறவ.”

“எழுதுறவளா? அப்ப எங்களை எழுதிக் குடுத்தது நீதானா?”

“ஆமா, நான்தான். அதான் வந்திருக்கேன்.”

அந்த அம்மா குரல் தணிந்து, “வண்டி நின்னா எருமையைச் சந்தைக்குத்தான் ஓட்டணும் தாயி. ரெண்டும் என் மக மாதிரி” என்றார்.

அக்கா அட்டையைக் கொட்டகையில் ஒரு கேன் மூடி மேல் வைத்தார். வெள்ளை நின்றால் வண்டி வரும், சிவப்பு வந்தால் வராது என்று மட்டும் சொன்னார். “நீங்க இழுங்க ஆத்தா.”

அந்த அம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு குனிந்தார். வண்டிப் பட்டையை இழுத்தார். நான் அரை மணி முன்னால் வந்தாலும் சிவப்பு. கேனைக் குறைத்தார். சிவப்பு. வெயில் பட்டையைக் காட்டி, “இது என்னது?” என்றார். வெயில் என்றோம். “அதை நான் என்னத்த இழுக்க? அதை இழுக்கிறவன் மேல இருக்கான்” என்றார். கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. விரல் அடுத்த இடத்துக்குப் போய் நின்றுவிட்டது. அழுத்தி இழுத்தார். வரவில்லை.

“இது ஏன் வரமாட்டேங்குது?”

“அது ஒட்டினது ஆத்தா. கொட்டகையில பால் வாங்குற நேரம். உங்க ஊருக்கு அஞ்சு மணி. அது நகராது.”

“நகராதுன்னு யாரு சொன்னா? எருமை சொல்லுச்சா?”

அக்கா குனிந்து, ஒட்டிய இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

“தாயி, உங்க ஆளு அஞ்சு மணிக்குக் கொட்டகையைத் திறந்து ஆறு மணிக்குச் சாத்திப்புடுறான். எங்க தொழுவம் கண்மாய்க்கு அந்தாண்ட இருக்கு. அம்புட்டுத் தூரம் சுமந்து வரணுமேன்னு நாலு மணிக்கு எருமையை எழுப்புறோம். அதுக்கும் தூக்கம், எங்களுக்கும் தூக்கம். ஆறேகாலுக்கு வாங்கிக்கிட்டா நிம்மதியாக் கறந்து, இங்க ஊத்திப்புட்டு அப்படியே களையெடுக்கப் போயிருவோம்ல?”

“இதை ஏன் ஆத்தா இம்புட்டு நாளா யாருகிட்டயும் சொல்லல?”

“யாரு கேட்டா?”

அக்கா அட்டையைத் தன் பக்கம் திருப்பினார். அஞ்சிலிருந்து ஆறு என்பது பண்ணையின் விதி. எல்லா ஊருக்கும் ஒரே விதி. விதி என்பதால் அதை அசையாத பொருளாக எடுத்துக்கொண்டு, பசை தடவி ஒட்டியது அவரேதான். பிறகு சிரித்தார். அவருடைய சிரிப்பில் கொஞ்சம் வெட்கமும் இருந்தது. “ஊர்ல உள்ளவங்களையெல்லாம் இழு இழுன்னுட்டு, ஒண்ணை நானே ஒட்டி வச்சிருக்கேன் பாத்தியா தம்பி.”

கொட்டகைக்காரரிடம் பென்சில் சீவுகிற பிளேடு இருந்தது. அதை வாங்கி அங்கேயே ஒட்டை நெம்பி எடுத்தார். கிழியாமல் எடுக்க வேண்டுமே என்று நான் அட்டையின் ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். பட்டை விடுபட்டது. அந்த அம்மா அதைப் பிடித்து ஆறேகாலுக்கு இழுத்தார். கேன் மூடி மேல், அந்தச் சின்ன ஜன்னலில், சிவப்பு போய் வெள்ளை வந்து நின்றது. அப்புறமும் அவர் பட்டையிலிருந்து விரலை எடுக்கவில்லை. எடுத்தால் திரும்பிப் போய்விடும் என்று பயந்தாரோ என்னவோ.

திங்கட்கிழமை மேனேஜர் அறையில் நானும் நின்றேன், வண்டி நோட்டில் கையெழுத்து வாங்குகிற சாக்கில். அக்கா ஒரு வார்த்தைகூட வாதாடவில்லை. அட்டையை மேசையில் வைத்தார். “நீங்களே இழுங்க சார்.”

அவர் விளையாட்டாகத்தான் ஆரம்பித்தார். வண்டி நேரம். சிவப்பு. கேன். சிவப்பு. ரயில்வே கேட்டு. சிவப்பு. “நான் சொன்னதுதானே?” என்று நிமிர்ந்தவர், புதிதாய் நீட்டிக்கொண்டிருந்த பட்டையைப் பார்த்தார். “இது முன்னாடி வராதே?”

“இப்ப வரும் சார்.”

இழுத்தார். வெள்ளை. தள்ளினார். சிவப்பு. மறுபடி இழுத்தார். வெள்ளை. மூன்று முறை இப்படிச் செய்தார்.

“இந்த அஞ்சு மணியை யார் வச்சது?” என்று கேட்டார். கேட்டு முடிக்கும் முன்பே அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. பண்ணைக்கு வந்த முதல் வாரம் அவர் போட்ட சுற்றறிக்கை அது. மேலதிகாரி தன் தப்பைத் தானே பார்த்துவிட்ட இடத்தில் சிப்பந்தி நிற்கக்கூடாது என்பது எங்கள் அப்பா சொன்ன பாடம். அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக, “பக்கத்து ஊருகளுக்கு அது சரியான நேரம்தான் சார்” என்றார்.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஒரு வாரம் பாப்போம். ஒரு கேன் திரிஞ்சாலும் நிறுத்திருவேன்.”

அந்த வாரம் வெயிலும் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு நாளும் நான் கேனை இறக்கிவிட்டு டெஸ்ட் டியூப் ஆள் பக்கத்திலேயே நிற்பேன். ஒரு குழாயில் கொஞ்சம் பாலை எடுத்துச் சுடரில் காட்டுவார். திரிகிற பாலாக இருந்தால் அங்கேயே துண்டு துண்டாய்ப் பிரியும். முதல் நாள் பொங்கி நுரைத்து அப்படியே நின்றது. இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் அதே. நாலாம் நாள் கூட்ஸ் ரயில் ஒன்று கேட்டை மறித்துக்கொண்டு நின்றுவிட்டது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இல்லாத சாமிகளையெல்லாம் கும்பிட்டேன். பண்ணைக்கு வந்ததும் அக்காவிடம் ஓடினேன்.

“அக்கா, கேட்டுல இருபது நிமிஷம் போச்சு!”

“பதட்டப்படாத. உன் பட்டையை இழுத்துப் பாத்துட்டேன். தாங்கும்.”

தாங்கியது. ஏழு நாளும் ஒரு கேன்கூடத் திரியவில்லை. அந்த ஊர் நிற்கவில்லை. வாய் நீளமான அந்த அம்மா அடுத்த சனிக்கிழமை ஒரு தூக்கு நிறையச் சீம்பால் கொடுத்துவிட்டார். “எழுதுறவகிட்டக் குடு” என்றார். பேரைக் கேட்டுக்கொள்ளவே இல்லை.

பத்து வருஷம் போயிருக்கும். பண்ணைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. ஏசி போட்ட அறையில் செருப்பைக் கழற்றிவிட்டு எல்லோரும் நின்றோம். மெட்ராசிலிருந்து வந்த இளைஞர் ஒருவர் திரையில் எங்கள் ஊர்களை வரிசையாகக் காட்டினார். ஒரு எண்ணை மாற்றினார்; கீழே எல்லா எண்ணும் தானாக மாறின. கைதட்டினார்கள். அக்காவுக்குத் தலை பாதி நரைத்திருந்தது. கடைசி வரிசையில் என் பக்கத்தில் நின்று கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தார். கல்யாண வீட்டில் சொந்தக்காரப் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. “நல்லாத்தான் திரும்புது” என்றார் மெல்ல.

அந்த இளைஞர் ஓரிடத்தில் நிறுத்தினார். “சார், இங்க ஒண்ணு தப்பா ஏறியிருக்கு. எல்லா ஊருக்கும் சென்டர் திறக்கிற நேரம் அஞ்சு. கடைசி ஊருக்கு மட்டும் ஆறேகால்னு இருக்கு. அஞ்சுன்னு மாத்திரட்டுமா?”

“தொடாதீங்க!”

கத்தியது நான் இல்லை. மேனேஜர். நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். அறையே திரும்பிப் பார்த்தது. அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கொஞ்சம் நிதானித்துச் சொன்னார்: “அது தப்பு இல்ல தம்பி. அது நான் என் கையால இழுத்து வச்ச நேரம்.”

எனக்குத் தாங்கவில்லை. யார் அட்டை, யார் பிளேடு, யார் சாக்கில் சுற்றிக்கொண்டு போனது என்று எல்லோருக்கும் சொல்லிவிட வாயைத் திறந்தேன். அக்கா என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். அவர் இழுத்து நான் பார்த்தது அது ஒன்றுதான்.

“பேசாம இரு தம்பி” என்றார் காதோரம். அவர் முகம் முழுக்கச் சிரிப்பு. “பத்து வருஷமாச்சு, மனுசன் இன்னும் பட்டையிலேருந்து கையை எடுக்கல பாரு.”